கட்டிலுக்கு அடியில் கிடக்கும் கிட்டார்: விற்கலாமா, வைத்திருக்கலாமா?

கேள்வி: அண்ணா, நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். 2012-ல் டெக்சாஸில் இருக்கும் மச்சான் மூலமாக காலிங்ஸ் ஓஎம்2எச் கிட்டார் ஒன்றைப் புதிதாக வாங்கினேன். அப்போது 3,800 டாலர், நம் காசுக்கு இரண்டு லட்சம். ஐந்தாறு வருடம் நன்றாக வாசித்தேன். அப்புறம் வேலைப் பளுவில் குறைந்துவிட்டது. மூன்று வருடமாகக் கேஸைத் திறக்கவே இல்லை. அப்பாரு காலத்து ஈட்டி மரக் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. இப்போது இதே மாடலுக்கு ஏழாயிரம் டாலர் வரை விலை போட்டிருக்கிறார்கள். ஈரோட்டு நண்பர் ஒருவர், "இதை விற்காதே, இதே மாதிரி இன்னும் இரண்டு கிட்டார் பங்கு போட்டு வாங்கி வைப்போம், காடு தோட்டம் மாதிரி ஏறும்" என்கிறார். அவர் பார்த்து வைத்திருப்பதில் ஒன்று பிரேசில் ரோஸ்வுட் மரத்தில் செய்தது. ப்ளஸ் டூ படிக்கிற என் மகள் எட்டாயிரம் ரூபாய்க் கிட்டாரில் பழகுகிறாள். அடுத்த வருடம் அவளுக்குக் காலேஜ் செலவு வேறு வருகிறது. விற்பதா, வைத்திருப்பதா, இன்னும் வாங்குவதா?

வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்னும் இரண்டு வாங்கிப் போட வேண்டாம். இருப்பதை அவசரப்பட்டு விற்கவும் வேண்டாம். ஆனால் இன்றைக்கு இரவே அந்தக் கேஸைக் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே எடுங்கள். கோவையில் பட்டறை போட்டு இருபத்து நான்கு வருடமாகக் கம்பிக் கருவிகளைப் பழுது பார்க்கிறேன். இது என்ன விலை போகும் என்று கேட்டு வருகிறவர்களிடம், முதலில் கிட்டாரைக் காட்டுங்கள் என்றுதான் சொல்வேன். நீங்கள் கேட்டது விலை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேர்ச் சந்தையில் காங்கேயம் காளைக்கு விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். மாட்டுக்காரர் வாயால் சொல்கிற விலை சுற்றி நிற்கிற எல்லோருக்கும் கேட்கும். வியாபாரம் முடிவது துண்டுக்கு அடியில், விரல் பிடிப்பில். நீங்கள் பார்த்த ஏழாயிரம் டாலர், வாயால் சொன்ன விலை. இசைக்கருவிகளை வாங்கி விற்கிற ரிவெர்ப் மாதிரி இணையதளங்களில் விற்பவர் என்ன விலை வேண்டுமானாலும் போடலாம், அது மாதக்கணக்கில் அப்படியே கிடக்கவும் செய்யலாம். விற்று முடிந்தவற்றை வைத்து விலை வரம்பு காட்டுகிற பக்கமும் அதே தளத்தில் இருக்கிறது. ஈபேயிலும் விற்று முடிந்ததை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். உங்கள் வருடத்துக்குப் பக்கத்து வருடம், அதே மரம், ஒரிஜினல் கேஸ், விரிசல் இல்லாதது என்று நான்கைந்து பார்த்தால் துண்டுக்கு அடியில் என்ன நடக்கிறது என்பது பிடிபட்டுவிடும். நீங்கள் பார்த்தது புதிய கிட்டாரின் விலையா, பழையதன் விலையா என்பதையும் இன்னொரு தரம் பாருங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள்தான் என்னிடம் அதிகம்.

விலை ஏறியிருப்பது உண்மைதான். ஏன் ஏறியது என்று தெரிந்தால்தான் உங்களுடையதும் ஏறுமா என்று சொல்ல முடியும்.

உங்களுடையது பொட்டீக் கிட்டார் வகை. பொட்டீக் கிட்டார் என்றால் பெரிய ஃபேக்டரியில் ஆயிரக்கணக்கில் வராமல், சிறு பட்டறையில் எண்ணிச் செய்கிற கிட்டார். இதிலேயே இரண்டு வகை உண்டு. டெக்சாஸில் ஆஸ்டினில் இருக்கும் காலிங்ஸ், கலிபோர்னியாவில் 1976-ல் தொடங்கிய சான்டா குரூஸ், வட அயர்லாந்தின் லோடன் இவையெல்லாம் பட்டறைகள். தொடங்கியவர் போனாலும் வேலை நிற்காது. பில் காலிங்ஸ் 2017-ல் காலமானார், பட்டறை இன்றும் ஓடுகிறது. இன்னொரு வகை, ஒரே ஆளின் கைவேலை. கலிபோர்னியாவின் எர்வின் சோமோஜி, மினசோட்டாவின் ஜேம்ஸ் ஆல்சன், வர்ஜீனியா மலைக் கிராமத்தில் இருக்கும் வெய்ன் ஹெண்டர்சன் மாதிரி ஆட்கள். பாடகர் ஜேம்ஸ் டெய்லர் கையில் ஆல்சன் கிட்டார் ஒலிக்கத் தொடங்கிய பிறகு அதைக் கேட்டு வந்த கூட்டம் பெரிது. ஆனால் ஒரு மனிதருக்கு இரண்டு கைதானே. வேண்டும் என்கிறவர்கள் பெருகினாலும் வருடத்துக்குச் செய்கிற எண்ணிக்கை பெருகாது.

ஹெண்டர்சன் கதையை நான் பட்டறைக்கு வருகிற பையன்களிடம் அடிக்கடி சொல்வேன். அவர் ஊரில் தபால்காரராக வேலை பார்த்துக்கொண்டே கிட்டார் செய்தவர். 1995-ல் அமெரிக்க அரசின் நேஷனல் ஹெரிடேஜ் விருது வாங்கியவர். தன் வேலைக்கு அவர் கேட்கிற கூலி குறைவு. ஆனால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவரிடம் வாங்கியவர் அதை வெளியே விற்றால் பல மடங்கு கிடைக்கும். காத்திருக்க மனமில்லாதவர் கொடுக்கிற காசுதான் அந்த ஏற்றம். அதில் ஒரு பைசா கூட இழைத்துச் செய்தவர் கைக்குப் போகாது. வரிசையில் பெயர் போட்டுவிட்டு, கிட்டார் வந்ததும் பெட்டியைக்கூடச் சரியாகப் பிரிக்காமல் விற்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. நானும் கையால் வேலை செய்கிறவன்தானே.

உங்கள் கிட்டார் ஏறியதற்கு இந்த வரிசைக் கணக்கு காரணமல்ல. அமெரிக்காவில் கூலி, மரம், வாடகை எல்லாம் கூடக்கூடப் புதிய ஓஎம்2எச்சின் விலை ஏறுகிறது, அது பழையதையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. நல்ல நிலையில் இருக்கிற பட்டறைக் கிட்டார், புதியதன் விலையில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் பங்குக்குள் கைமாறும் என்பது என் கணக்கு. உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள்: புது நிட்டிங் மெஷின் விலை ஏறினால் பழைய மெஷினும் ஏறும். வைத்திருக்கிறவருக்கு லாபம் மாதிரித் தெரியும். விற்றுவிட்டு வேறொன்று வாங்கப் போகும்போதுதான் கையிலிருந்து எவ்வளவு போட வேண்டும் என்பது தெரியும். 2020-ல் கொரோனா ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் கிட்டாரைத் தேடி வாங்கியதும் ஒரு காரணம். அந்த வேகம் பிறகு தணிந்துவிட்டது.

அப்புறம் மரம். இது நம் மண்ணைத் தொடுகிற விஷயம் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். பழைய அமெரிக்கக் கிட்டார்களில் உயர்ந்த ரகம் பலவற்றுக்கு முதுகும் பக்கமும் பிரேசில் ரோஸ்வுட்டில் போட்டார்கள். அந்த மரம் கிடைப்பது அரிதானதும் 1969-ல் அமெரிக்காவின் பழைய கிட்டார் கம்பெனியான மார்ட்டின் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. இந்திய ரோஸ்வுட் என்றால் வேறொன்றும் இல்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிற ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வோம். உங்கள் ஓஎம்2எச்சின் முதுகும் பக்கமும் அதுதான். அதாவது, அப்பாரு கட்டிலும் அதற்கு அடியில் கிடக்கிற கிட்டாரும் ஒரே சாதி மரம். கேஸை வெளியே எடுத்ததும் கிட்டாரின் முதுகைக் கட்டில் காலோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். அந்தக் கருஞ்சிவப்பும் ஊதா கலந்த ரேகையும் இரண்டிலும் ஓடும். ஈட்டியைக் காப்பாற்றத் தமிழ்நாட்டில் 1994-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள்.

சரி, காசுக் கணக்குக்கு வருவோம். 2012-ல் டாலர் சுமார் 53 ரூபாய். இன்று எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. உங்கள் கிட்டார் டாலரில் ஒரு காசு கூட ஏறாமல் அதே 3,800-ல் நின்றிருந்தாலும், 85 என்று போட்டால் மூன்று லட்சத்து இருபத்து மூன்றாயிரம். ஒன்றேகால் லட்சம் ஏறிய மாதிரித் தெரிகிறதே, அது கிட்டார் ஏறியதல்ல, ரூபாய் இறங்கியது. ஒரு பேச்சுக்கு இன்று 4,500 டாலருக்கு அங்கே விற்றுவிட்டீர்கள் என்று வைப்போம். மூன்று லட்சத்து எண்பதாயிரம் சொச்சம். அதில் தளத்தின் கமிஷன், பார்சல், இன்சூரன்ஸ் எல்லாம் கழியும். அன்றைக்கு அந்த இரண்டு லட்சத்தைப் பேங்கில் ஏழு சதவீதத்தில் போட்டு வட்டியையும் சேர விட்டிருந்தால் பதின்மூன்று வருடத்தில் நாலு லட்சத்து எண்பதாயிரம் ஆகியிருக்கும். அன்றைய விலைக்கு எட்டொன்பது பவுன் எடுத்திருக்கலாம். இன்றைக்கு எட்டொன்பது பவுன் என்ன விலை என்று உங்கள் வீட்டம்மாவைக் கேட்டாலே சொல்லிவிடுவார்.

உங்களை வருத்தப்பட வைக்க இதைச் சொல்லவில்லை. ஐந்தாறு வருடம் ஆசை தீர வாசித்துவிட்டு, போட்ட காசையும் இழக்காமல் இருக்கிறீர்கள். கார் வாங்கியவருக்கு இது வாய்க்காது. நல்ல கிட்டார் தன் விலையைக் காப்பாற்றிக்கொள்ளும் என்பது சரி. காடு தோட்டம் மாதிரி ஏறும் என்பது சரியில்லை.

உங்கள் நண்பர் மனதில் இருப்பது வேறு கதை என்று நினைக்கிறேன். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய மார்ட்டின் கிட்டார்களின் விலையைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருப்பார். 1933 முதல் 1942 வரை மார்ட்டின் செய்த டி-45 என்ற மாடல் கிட்டார் மொத்தமே 91. அவை இனி கூடப் போவதில்லை. அதனால் அந்த விலை. காலிங்ஸ் இன்றைக்கும் காலையில் ஷட்டரைத் திறந்து புதிது செய்துகொண்டிருக்கிறது. முன்னதற்கு நடந்தது பின்னதற்கும் நடக்கும் என்று எண்ணிப் பணம் போடக் கூடாது.

அவர் பார்த்து வைத்திருக்கும் பிரேசில் ரோஸ்வுட் கிட்டார் விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்: கை வைக்காதீர்கள். அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தில் அந்த மரம் 1992-லிருந்து முதல் பட்டியலில் இருக்கிறது. முதல் பட்டியல் என்றால் மிகக் கடுமையான பட்டியல். செய்து முடித்த கிட்டாராக இருந்தாலும் நாடு விட்டு நாடு விற்க அனுமதிப் பத்திரம் வேண்டும். பேப்பர் சரியில்லாமல் வந்தால் சுங்கத்தில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். விலை ஏறுகிறதே என்று வாங்கியவர், விற்க நினைக்கும்போதும் அதே வாசலில் நிற்க வேண்டும்.

உங்களுடைய ஈட்டிக் கிட்டாருக்கு இப்போது அந்தத் தொல்லை இல்லை. 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தபோது உலகம் முழுக்கக் கிட்டார்க்காரர்கள் தவித்துப் போனோம். அந்தச் சமயத்தில் பொள்ளாச்சிக்காரர் ஒருவரின் கிட்டாருக்கு ஜெர்மனியிலிருந்து ஆள் வந்தது. விலையும் பேசி முடிந்தது. பேப்பருக்காக மாதக்கணக்கில் அலைந்தோம், அதற்குள் வாங்குகிறவர் பொறுமை இழந்து விலகிவிட்டார். அந்த மனிதர் தம்பியின் ஆஸ்பத்திரிச் செலவுக்காக விற்க வந்தவர். கிட்டாரைத் திரும்ப எடுத்துக்கொண்டு படியிறங்கியபோது அவர் முகம் இருந்த விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்தது 2019 நவம்பரில்தான். அவசரத்துக்குக் காசாக்க வேண்டிய பணத்தை இதில் போடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அந்த மனிதரை நினைத்துத்தான்.

உள்ளூரில் விற்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும், மெதுவாக. கோவை, ஈரோடு, சேலம் மூன்றையும் சேர்த்தாலும் மூன்றரை லட்சம் எடுத்துவைத்து காலிங்ஸ் வாங்குகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெங்களூரு, மும்பை, சென்னை, அப்புறம் ஷில்லாங் பக்கம் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பார்ப்பது ஒன்றைத்தான்: புதியதை வெளிநாட்டிலிருந்து தருவித்தால் கூலி, சுங்கம், வரி எல்லாம் சேர்ந்து வீட்டு வாசலில் என்ன விலைக்கு வந்து நிற்கும்? அதைவிடக் கணிசமாகக் குறைவு என்றால்தான் உங்கள் கிட்டாரைப் பார்க்க வருவார்கள். அந்த விதத்தில் இந்தியாவுக்குள் விற்பது உங்களுக்குச் சாதகம்கூட. ஆனால் ஆறு மாதமோ எட்டு மாதமோ பொறுக்க வேண்டும். காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய தேதி உங்களுக்காகப் பொறுக்காது.

இதெல்லாம் நல்ல நிலையில் உள்ள கிட்டாருக்குச் சொல்கிற கணக்கு. மூன்று வருடம் திறக்காத கேஸ் என்று எழுதினீர்களே, எனக்குப் பதற்றம் அங்கேதான்.

நம் கொங்கு நாட்டுக் காற்று கிட்டாருக்குச் சுலபமான காற்று இல்லை. ஐப்பசி கார்த்திகையில் மழை ஈரம். மாசி பங்குனியில் மதிய நேரத்தில் உதடு வெடிக்கிற வறட்சி. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று. கிட்டார் செய்கிறவர்கள் பட்டறையில் வைத்திருப்பது நாற்பத்தைந்து, ஐம்பது சதவீத ஈரப்பதம். கிட்டாரின் மேல் பலகை மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காத ஸ்ப்ரூஸ் மரம். காற்று வறண்டால் அது அகலவாக்கில் சுருங்கும். உள்ளே குறுக்கே ஒட்டியிருக்கிற பிரேஸ் கட்டைகள் நீளவாக்கில் சுருங்குவதில்லை. ஒன்று சுருங்கப் பார்க்க, இன்னொன்று விடாமல் பிடிக்க, பலகை ரேகையோடு பிளந்துவிடும். யாரும் கீழே போடாமலே, கேஸுக்குள் படுத்த படுக்கையாகவே வெடித்த கிட்டார்களை நான் பங்குனிக்குப் பங்குனி பார்க்கிறேன்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். கேஸை எடுத்து, உடனே திறக்காமல், ஃபேன் காற்று நேராகப் படாத அறையில் ஓர் இரவு வையுங்கள். காலையில் வெளிச்சத்தில் திறந்து, முதலில் கண்ணால் பார்க்காதீர்கள், விரலால் பாருங்கள். நெக்கின், அதாவது கிட்டாரின் கழுத்தின், ஓரத்தில் ஆள்காட்டி விரலை மேலிருந்து கீழே ஓட்டுங்கள். ஃப்ரெட் என்கிற, கழுத்தில் குறுக்கே பதித்த உலோகத் துண்டுகளின் முனைகள் அரத்தைத் தடவுகிற மாதிரி உறுத்தினால் மரம் வறண்டு சுருங்கியிருக்கிறது, உலோகம் அப்படியே நிற்கிறது என்று அர்த்தம். அடுத்து, கம்பி கட்டியிருக்கிற பிரிட்ஜின் பின்பக்கம் ஒரு மெல்லிய காகித நுனியை விட்டுப் பாருங்கள். உள்ளே நுழைந்தால் பிரிட்ஜ் ஒட்டு விடத் தொடங்கிவிட்டது. ஆறு கம்பியும் சேர்ந்து எழுபது கிலோ அளவுக்கு இழுக்கிற இடம் அது. அப்புறம் கிட்டாரைச் சாய்த்துப் பிடித்து, ஜன்னல் வெளிச்சம் பலகை மேல் வழுக்குகிற மாதிரி வைத்துப் பாருங்கள். ஒலித்துளைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் குழி விழுந்திருக்கிறதா, முடி மாதிரி ஒரு கோடு ஓடுகிறதா? கடைசியாக, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளியை ஸ்கேலில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டரை மில்லிமீட்டர் பக்கம் இருந்தால் நலம். மூன்றரை, நான்கு என்றால் நெக்கைப் பார்க்க வேண்டும். பயப்பட வேண்டாம். காலிங்ஸ் நெக்கை போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள், கழற்றிச் சரி செய்வது பழைய ஒட்டு நெக்கைவிடச் சுலபம்.

விரிசல் தெரிந்தால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: நீங்களாக எதையும் ஊற்றி ஒட்டாதீர்கள். கரூரிலிருந்து ஒருவர் கொண்டுவந்த கிட்டார் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. கைவேலைக் கிட்டார், அருமையான ஒலி. மேலே நான்கு அங்குல விரிசல் விட்டிருக்கிறது. வீட்டில் மர வேலைக்கு வந்தவர் உதவி செய்வதாக நினைத்துப் பசையை ஊற்றி, தேய்த்து, பலகை முழுவதற்கும் வார்னிஷ் அடித்துவிட்டார். விளக்கில் கண்ணாடி மாதிரி மின்னியது. தட்டினால் அட்டைப்பெட்டி மாதிரி ஒலித்தது. ஈரம் ஏற்றி, விரிசலை மூடவைத்து, உள்ளே சின்னச் சின்ன ஸ்ப்ரூஸ் தக்கைகள் ஒட்டியிருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் முடிந்திருக்கும், விலையும் கொஞ்சம்தான் குறைந்திருக்கும். மேல்பூச்சு மாறிவிட்டால் பாதி விலை போனது என்பது பழைய கிட்டார் வியாபாரத்தில் எல்லோரும் வைத்திருக்கிற கணக்கு. அவர் போகும்போது, "ஏனுங்க, பழையபடி ஆக்கிடலாமுங்களா?" என்று கேட்டார். ஆக்க முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது.

மேல்பூச்சு என்றதும் இன்னொன்று. காலிங்ஸில் அடித்திருப்பது நைட்ரோ லேக்கர். மெல்லியது, ஒலிக்கு நல்லது, ஆனால் சில ரசாயனங்களுக்குத் தாங்காது. சாயங்காலம் கொசுவுக்காகக் கையில் க்ரீம் தடவிக்கொண்டு அப்படியே உட்கார்ந்து வாசித்தால், முழங்கை படுகிற இடத்தில் லேக்கர் இளகிப் பிசுபிசுவென்று ஆகிவிடும். நம் ஊரில் நான் பார்க்கிற லேக்கர் சேதத்தில் பாதி இதுதான். ரப்பர் பட்டை வைத்த ஸ்டாண்டிலும் நாள்கணக்கில் நிறுத்தாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் கேஸிலேயே வையுங்கள், ஆனால் ஹாலில், கண்ணில் படுகிற இடத்தில். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி கிடைக்கும், ஒன்று கேஸுக்குள் போடுங்கள். மாசி பங்குனியில், மூடியில் ஓட்டை போட்ட சோப்பு டப்பாவுக்குள் ஈரத்தைப் பிழிந்தெடுத்த ஸ்பாஞ்ச் வைத்தால் போதும். வாரம் இரண்டு தடவை நனைக்க வேண்டும். ஏசி அறையும் வறட்சிதான், மறந்துவிடாதீர்கள். வெயிலில் நிறுத்திய காரில் மட்டும் எந்தக் காலத்திலும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இப்போது உங்கள் மகள். ஒரு வீட்டில் நல்ல கிட்டார் கட்டிலுக்கு அடியில் இருக்க, அதே வீட்டுப் பெண் எட்டாயிரம் ரூபாய்க் கிட்டாரில் பழகுகிறாள் என்று படித்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த விலைக் கிட்டார்கள் பலவற்றில் கம்பி உயரமாக நிற்கும், எஃப் கார்டு பிடிக்க முடியாமல் பிள்ளைகள் தங்கள் விரலைக் குறை சொல்லிக்கொள்வார்கள். குறை விரலில் இருக்காது. உங்கள் ஓஎம் சின்ன உடம்பு, இடுப்பு ஒடுங்கியது, பெண் பிள்ளை மடியில் அடக்கமாக உட்காரும். அவள் வாசித்தால் விலை குறையுமா என்றால், கொஞ்சம் குறையலாம். ஒரு கீறல், ஃப்ரெட்டில் தேய்மானம், சில ஆயிரம் ரூபாய். மூன்று வருடம் யாரும் பார்க்காமல் கிடந்து ஒரு விரிசல் விட்டால் குறைவது அதைப் போல எத்தனையோ மடங்கு. தினமும் கையில் எடுக்கிற கிட்டாரில் எது மாறினாலும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

காலேஜ் செலவுக்கு வேறு வழி இருந்தால் அதைப் பாருங்கள். உண்மையிலேயே விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் இப்போதிருந்தே தயாராகுங்கள், ஜூன் மாதத்தில் ஆள் தேடினால் வருகிறவர் சொன்னதுதான் விலை. மச்சானிடம் சொல்லி 2012 பில்லைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். பட்டறையின் உத்தரவாதம் பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான், ஆனால் பில் இருந்தால் வாங்குகிறவருக்கு நம்பிக்கை வரும். சீரியல் நம்பர், உள்ளே இருக்கிற லேபிள், ஃப்ரெட், பிரிட்ஜ் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். குறை இருந்தால் அதையும் கிட்டத்தில் எடுத்துப் போடுங்கள், மறைக்க வேண்டாம். வரியைப் பொறுத்தவரை, சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த பொருளை விற்பது வேறு, லாபத்துக்கென்று வாங்கி விற்பது வேறு. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மச்சான் ஊருக்கு வந்து போகும்போது கொடுத்தனுப்பி அங்கேயே விற்பதானால், கேஸுக்குள் நெக்கின் தலைக்குக் கீழேயும் மேலேயும் துணி திணித்து, ஆடாமல் செய்து அனுப்புங்கள். கேஸ் கீழே விழும்போது தலை தனியாக ஆடித்தான் நெக் முறிகிறது.

ஈரோட்டு நண்பரிடம் நான் சொன்னேன் என்றே சொல்லிவிடுங்கள். அவருக்கு நிஜமாகவே ஆசை இருந்தால், வாசிக்க ஒன்று வாங்கட்டும். தேர்ந்தெடுக்க நானே கூட வருகிறேன்.

நீங்கள் கிட்டாரை எடுத்துக்கொண்டு ஒரு நாள் பட்டறைக்கு வாருங்கள். பழைய கம்பி துருப்பிடித்திருந்தாலும் கழற்றாமல் கொண்டு வாருங்கள், மூன்று வருட இழுப்பில் நெக் எப்படி நிற்கிறது என்று நான் பார்க்க வேண்டும். மகளையும் கட்டாயம் கூட்டி வாருங்கள். கம்பியின் உயரத்தை அவள் கைக்குத்தான் வைக்க வேண்டும்.